கனியக்கா திருத்திய நாடகம்

ஷீல்டு முட்டுல இடிக்கோ, தம்பி? இருங்க, இந்தப் பக்கமாச் சாய்ச்சு வச்சுக்கிடுதேன். கண்ணாடி இல்ல, பயப்படாதீக, பிளாஸ்டிக்குதான். மதுரையில காலையில குடுத்தாக. வாசிச்சுப் பாருங்க, ‘விளிம்புநிலை மக்களின் குரல்’. அதுக்குக் கீழ என் பேரு, ஆறுமுகநயினார். நயினாரை ‘நைனார்’னு போட்டுட்டாக. போகட்டும்.

நாடகம் எழுதுதேன். சினிமாவுக்கு இல்ல, டிவிக்கும் இல்ல. வெறும் நாடகம். ஆளுக மேடையேறி நடிப்பாக, முன்னால நாப்பது அம்பது பேரு உக்காந்து பாப்பாக. நீங்க பாத்திருக்க மாட்டீக. பரவாயில்ல, என் மகனே பாத்ததில்ல.

இன்னைக்கு விழாவுல ஒரு பொண்ணு மைக்க நீட்டிக் கேட்டா, ‘ஐயா, நீங்க ஏன் எப்பவும் ஒதுக்கப்பட்டவங்களப் பத்தியே எழுதுறீங்க?’ மனசாட்சின்னேன், சமூகப் பொறுப்புன்னேன். கைதட்டுனாக. மூணு நிமிசம்தான் குடுத்தாக தம்பி, மூணு நிமிசத்துல மனசாட்சின்னுதான் சொல்ல முடியும். பஸ்ஸு எட்டயபுரம் போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்குல்லா? உங்ககிட்ட உள்ளதச் சொல்லுதேன். ஒரு பொம்பள என் நாடகத்தப் பாத்துச் சிரிச்சா. அங்கன இருந்துதான் ஆரம்பம்.

அப்பம் எனக்கு முப்பத்திநாலு வயசு. தூத்துக்குடியில ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசுல கிளார்க்கு. நாடகம்னா சின்னதுல இருந்தே கிறுக்கு. கோயில் கொடைக்குச் சரித்திர நாடகம் எழுதுவேன். ராசா, மந்திரி, ஒரு சதி, ரெண்டு கத்திச்சண்டை, மங்களம். அந்த வருசம் ஊருல ஒரு நற்பணி மன்றத்துக்காரங்க நாடகப் போட்டி வச்சாக. தலைப்பு ‘உழைப்பாளர் வாழ்வு’. ராசாவ வச்சு எழுத முடியாது. சரி, யாருதான் உழைக்கான்னு யோசிச்சேன். உப்பளம் ஞாபகம் வந்துச்சு. தூத்துக்குடிக்காரன் வேற என்னத்த யோசிப்பான்?

உப்பளத்துக்குப் போனீகளான்னு கேக்காதீக. வீட்டுல இருந்து நாலு கிலோமீட்டர். பஸ்ஸுல போகும்போது சன்னல் வழியா வெள்ளையாத் தெரியும். அது போதும்னு நெனச்சேன். அரண்மனைக்குப் போயிட்டு வந்தா ராசாவப் பத்தி எழுதுனேன்?

நாடகத்துக்குப் பேரு ‘கண்ணீர் உப்பு’. கதாநாயகி பேரு வெண்ணிலா. ஏன் சிரிக்கீக? அப்பம் அப்படித்தான் பேரு வைப்போம். புருசன் செத்துருவான், பிள்ளைக்குக் காச்சல், முதலாளி சாட்டைய எடுப்பாரு. வெண்ணிலா மொத்தம் நாப்பது நிமிசம் அழுவா. எங்க ஆபீசு டைப்பிஸ்ட் பிரேமலதாதான் வெண்ணிலா. நல்லா அழுவா. அதுக்காகத்தான் அந்தப் புள்ளையச் சேத்தது.

ஒத்திகைக்கு இடம் வேணும்லா? ஒரு பள்ளிக்கூடத்து வராந்தா கெடச்சுது. ஞாயித்துக்கெழம மத்தியானம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலயே உப்பளத்து ஆளுக தெரு. சத்தம் கேட்டு கம்பி அழிக்கு வெளிய ஒரு கூட்டம் கூடிருச்சு. எனக்குன்னா சந்தோசம். இவுகளப் பத்துன நாடகத்த இவுகளே பாக்காக, இப்பம் கண்ணத் தொடைக்கப் போறாகன்னு அவுக மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கேன். கடைசி சீனு. பிரேமலதா ‘உப்பே, நீ என் கண்ணீரில் விளைந்தாயோ’ன்னு தலையில அடிச்சுக்கிட்டு விழுதா.

அப்பம் கேட்டுச்சு, பாத்துக்கிடுங்க. சிரிப்பு. பல்லக் காட்டுத சிரிப்பு இல்ல. ஒரு பொம்பள வயித்தப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால கம்பியில தொங்கிக்கிட்டு, மூச்சு வாங்கச் சிரிக்கா.

எனக்குக் கோவம்னா கோவம். வெளிய போயி, ‘என்னம்மா, புருசன் செத்துக் கெடக்கான், சிரிக்கியே?’ன்னேன்.

‘கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி’ன்னா. நாப்பது வயசு இருக்கும். கருத்து, ஒல்லியா, வெயில்ல சுருங்குன கண்ணு. ‘அந்தப் புள்ள உப்பு வாருத பலகைய வாசல் பெருக்குத வெளக்குமாறு மாதிரி பிடிச்சிருக்கு. அது போவட்டும். நாப்பது நிமிசம் அழுதா பாத்திய எப்பம் வாருததாம்? கங்காணி சும்மா விட்டிருவானா?’

‘அப்பம் நீங்க அழவே மாட்டீகளோ?’

‘அழுவோம். வேல முடிஞ்சு வீட்டுக்கு வந்து. அதுவும் தண்ணி பிடிச்சு, உல வச்ச பெறவு.’

கூட நின்ன பொம்பளைக எல்லாம் சிரிக்காக. அவ பேரு சண்முகக்கனி. கனியக்கான்னுதான் நான் கூப்பிட்டது. அன்னைக்கு இல்ல, பெறவு. அன்னைக்கு ஒண்ணும் கூப்பிடல, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுல வந்து செல்வராணிகிட்ட, என் வீட்டுக்காரிகிட்ட, எம்புட்டுத் திமிரு பாருன்னு சொன்னேன். அவ மாவு பிசைஞ்சுக்கிட்டே, ‘அந்தம்மா சொன்னது சரிதான? நீங்க ஒருநா போயித்தான் பாத்துட்டு வாங்களேன்’னா. பொண்டாட்டி சொல்லிட்டா தம்பி, போகலன்னா தெனமும் கேப்பா. போனேன்.

காலையில ஆறு மணி இருக்கும். அவுக எல்லாம் அதுக்கு முன்னாலயே வந்தாச்சு. சேலைக்கு மேல பழைய ஆம்பளச் சட்டை, தலையிலயும் மூஞ்சியிலயும் துணி. யாரு எவருன்னே தெரியல. நான் வரப்பு மேல நடந்து, எழுத்தாளன் மாதிரி கையப் பின்னால கட்டிக்கிட்டுப் பாத்தேன். நாலாவது அடியில வழுக்கி பாத்திக்குள்ள உக்காந்துட்டேன். துணிக்குள்ள இருந்து ஒரு குரல், ‘அண்ணாச்சி, வெண்ணிலா இப்படித்தான் விழணும்!’ யாருன்னு சொல்லவா வேணும்?

சும்மா சொல்லக் கூடாது, அங்கன அம்புட்டுச் சிரிப்பு. பெட்டியில உப்பத் தலைக்கு ஏத்திக்கிட்டு, உப்பக் குவிக்குத அம்பாரத்துக்குப் போகும்போதும் பேச்சு, எறங்கும்போதும் பேச்சு. கங்காணி தூரத்துல மோட்டார் சைக்கிள்ல வந்தான்னா, அக்கா அவன மாதிரியே வயித்தத் தள்ளிக்கிட்டு ரெண்டு எட்டு நடப்பா. அவன் கிட்ட வரும்போது எல்லாரும் குனிஞ்சு வேல பாத்துக்கிட்டு இருப்பாக. தோளு மட்டும் குலுங்கும்.

பத்து மணிக்கு எனக்குத் தொண்ட காஞ்சு போச்சு. கொண்டு போன தண்ணி பூரா குடிச்சுட்டேன். அக்காகிட்ட, ‘நீங்க குடிக்கலையா?’ன்னேன்.

‘குடிக்கிறது லேசு அண்ணாச்சி. பெறவு எங்கன போக? சுத்திப் பாருங்க.’

சுத்திப் பாத்தேன். தட்டு மாதிரி வெட்டவெளி. ஒரு மரம் கெடையாது, ஒரு செவரு கெடையாது. கடல் வரைக்கும் வெள்ளை. நான் ஆம்பள பாருங்க, ஏழெட்டு வருசமா அதே ரோட்டுல போயி வாரேன், அதுவரைக்கும் எனக்கு அது தோணவே இல்ல.

கொஞ்ச நேரம் கழிச்சு, ‘அண்ணாச்சி, அந்தப் பக்கம் பாத்து நில்லுங்க’ன்னா. திரும்பி நின்னேன். பின்னால காலடிச் சத்தம், சேலை ஒதறுத சத்தம். ஒருத்திக்கு அவசரம்னா அஞ்சாறு பேரு சுத்தி நின்னு முந்தானைய விரிச்சுப் பிடிப்பாகளாம். அதான் அவுக கக்கூசு. அந்த நேரம் பாத்து கங்காணி வரப்பு மேல வண்டிய நிப்பாட்டி ஹாரன் அடிப்பானாம். விளையாட்டுக்காம். ‘பாம், பாம்’னு. அக்கா அதயும் எனக்கு நடிச்சுக் காட்டுனா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.

‘அக்கா, இத நாடகத்துல போடட்டுமா?’

‘போடுங்க. ஏம் பேரு வரப்படாது. வேல போயிரும்.’

‘சத்தியமா வராது.’

இத ஞாபகம் வச்சுக்கிடுங்க தம்பி. சத்தியமான்னு நான்தான் சொன்னேன். அவ சத்தியம் கேக்கக்கூட இல்ல.

நாடகத்த முழுசா மாத்தி எழுதுனேன். அழுகைய எடுத்துட்டு கங்காணியப் போட்டேன். பிரேமலதா படிச்சுப் பாத்துட்டு, ‘சீ, கக்கூஸ் சீன்லாம் நான் நடிக்க மாட்டேன் சார்’னு பேப்பர மேசையில வச்சுட்டுப் போயிட்டா. போட்டிக்குப் பத்து நாளுதான் இருக்கு. அப்பம் கனியக்கா தானா வந்து, நான் நடிக்கேன் அண்ணாச்சின்னா.

சரி, உங்ககிட்ட எதுக்குப் பொய். அவளா வரல. மூணு தடவ போயிக் கூப்பிட்டேன். மூணாவது தடவ, ‘நான் வரலைன்னா அந்தப் புள்ளையத் திரும்ப அழ விட்டிருவீக’ன்னு சொல்லிட்டு வந்தா. பேரு போட மாட்டேன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். நோட்டீசுல ‘வெண்ணிலா: ஒரு பெண்மணி’ன்னுதான் அடிச்சது. கங்காணி வேசம் எனக்கு. ரப்பர் ஹாரன் ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டேன்.

போட்டி அன்னைக்குச் சாயங்காலம் தெரைக்குப் பின்னால இருந்து எட்டிப் பாக்கேன், முன் வரிசையில அவுக அளத்து முதலாளி! பரிசுக் கோப்பை அவரு உபயம். ஓடிப் போயி, ‘அக்கா, அந்த மறைப்பு சீன எடுத்துருவோம்’னேன்.

அவ வெத்தலைய மென்னுக்கிட்டே யோசிச்சா. ‘எதுக்கு? அவரு பாத்திப் பக்கம் வரவே மாட்டாரு. இங்கனதான் உக்கார வச்சுச் சொல்ல முடியும். என்னைக்காவது வந்திருந்தாலும் துணி சுத்துன மூஞ்சியத்தான் பாத்திருப்பாரு, இந்த மூஞ்சி தெரியாது. போடுங்க அண்ணாச்சி.’

போட்டோம். அந்த சீனு வந்துச்சு. ரெண்டு நடிகருக ஒரு வேட்டிய விரிச்சுப் பிடிக்கணும்னு ஏற்பாடு. அக்கா நடு மேடையில நின்னு அவனுகளப் பாத்தா, வேட்டியப் பாத்தா. திடீர்னு அரங்கத்துல பின்னால நின்ன அவுக தெருப் பொம்பளைகளப் பாத்து, ‘ஏட்டி, அங்கன என்ன வேடிக்க? வாங்கட்டி, வந்து மறைங்க!’ன்னு ஒரு சத்தம் போட்டா.

வந்தாக தம்பி. அஞ்சு பேரு. நாக்காலிகளுக்கு நடுவ நடந்து, முதலாளியத் தாண்டி, மேடையேறி, முந்தானைய விரிச்சு வட்டமா நின்னுட்டாக. மொதல்ல சனம் சிரிச்சுது. பெறவு சத்தமே இல்ல. வட்டத்துக்குள்ள இருந்து அக்கா குரலு மட்டும் வருது, ‘அந்தச் செம்ப எடு. இப்பம் குடிக்கலாம்.’ மடக்கு மடக்குன்னு தண்ணி குடிக்குத சத்தம். மைக்குல கேக்கு. ஒரு செம்புத் தண்ணி முழுக்க. அம்புட்டுப் பேரும் அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாக.

நான் ஹாரன் அடிக்கணும். கை வரல. நிக்கேன், நிக்கேன். உள்ள இருந்து அக்கா, ‘என்ன கங்காணி, வண்டி ரிப்பேரா?’ன்னா. அரங்கமே அதிர்ந்து போச்சு.

மொதப் பரிசு ஒரு புராண நாடகத்துக்குக் குடுத்தாக. ஆமா, ‘உழைப்பாளர் வாழ்வு’ போட்டியில. அதக் கேக்காதீக. சிறந்த கதாசிரியர் கோப்பை எனக்கு. முதலாளிதான் குடுத்தாரு. குடுத்துட்டு மைக்குல, ‘எங்க அளங்கள்ல இந்த மாதிரி எல்லாம் கெடையாது. ஆனா தம்பிக்கு நல்ல கற்பனை வளம்’னாரு.

கற்பனையா? எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. மைக்க வாங்குனேன். ‘இது கற்பனை இல்லைங்கய்யா. இந்தா நிக்காகல்லா, சண்முகக்கனி அம்மா, அய்யா அளத்துலதான் வேல பாக்காக. அவுக வாயால சொன்னத, நான் கண்ணால பாத்தத, அப்படியே எழுதியிருக்கேன்’னேன்.

பெருமையாத்தான் தம்பி சொன்னேன். அவுகளப் பெருமைப்படுத்துததா நெனச்சுத்தான் சொன்னேன். கைதட்டு இன்னும் காதுல கெடக்கு. அக்கா மூஞ்சிய நான் அப்பம் பாக்கல. கூட்டத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

திங்கக்கெழம கங்காணி அவள வரப்புலயே நிப்பாட்டி, உனக்கு வேல இல்லன்னுட்டான்.

எனக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும். செல்வராணிதான் ரேசன் கடையில கேட்டுட்டு வந்து சொன்னா. ‘போயிப் பாத்துட்டு வாங்க’ன்னா. நாளைக்குப் போறேன்னேன். மறுநா சைக்கிள் பஞ்சர். அதுக்கு மறுநா மச்சினன் வந்திருந்தான். வெள்ளிக்கெழம வாசகசாலையில எனக்கு ஒரு பாராட்டு விழா, போகலைன்னா மரியாதையா இருக்காதுல்லா? பாருங்க, அந்த முதலாளி உப்பு எங்க ஆபீசு வழியாத்தான் கப்பல் ஏறும். எங்க மேனேஜரு என்னையக் கூப்பிட்டு, ‘நயினாரு, நாடகம்லாம் நல்லாத்தான் இருக்கு, இத்தோட வச்சுக்கிடுவோமா?’ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. பிள்ளைக்கு அப்பம்தான் ரெண்டு வயசு. இதெல்லாம் காரணம்தான? காரணம்தான். அப்படியே மூணு வாரம் போயிருச்சு.

பெறவு ஒருநா சேதி வருது. கனியக்கா திரும்ப வேலைக்குப் போயிட்டா, அளத்துல ஓலத் தட்டி வச்சு ரெண்டு மறைப்பு கட்டிட்டாகன்னு. எனக்குத் தல கால் புரியல. அல்வா வாங்கிக்கிட்டு நேரா அவ வீட்டுக்குப் போனேன். சைக்கிள்லதான். பஞ்சர் எல்லாம் இல்ல.

‘அக்கா, நாடகம் ஜெயிச்சிருச்சு!’

அவ காலுல உப்பு அறுத்த புண்ணுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு இருந்தா. நிமிந்து பாத்தா. ‘நாடகமா? மேகம்ல்லா அண்ணாச்சி.’

பெறவுதான் சொன்னா. மூணாவது வாரம் பொம்பளைக அம்புட்டுப் பேரும், கனி வந்தாத்தான் பாத்தியில எறங்குவோம்னு வரப்புல உக்காந்துட்டாகளாம். உச்சக் கோடை, பாத்தி பூரா உப்பு வெளஞ்சு நிக்கி. முதலாளி மொத நாள் சிரிச்சாராம். ரெண்டாம் நாள் வேற ஆளு தேடுனாராம். மூணாம் நாள் தெக்க இருந்து கருகருன்னு மேகம் ஏறி வந்திருக்கு. ஒரு மழ பெஞ்சா அம்புட்டும் தண்ணி. முதலாளி காருல பறந்து வந்து, செருப்போட வரப்புல எறங்கி, ‘எங்கம்மா அந்தக் கனி, வரச் சொல்லுங்கம்மா’ன்னாராம். மறைப்பு கட்டுனாத்தான் வருவேன்னு அக்கா சொல்லியனுப்பியிருக்கா. அன்னைக்கே ஓல வந்து எறங்கிருச்சு.

‘மழ பெஞ்சுதா?’ன்னு கேட்டேன்.

‘ஒரு சொட்டு விழல. காத்து தள்ளிட்டுப் போயிருச்சு’ன்னு சொல்லிச் சிரிச்சா. அல்வாவப் பிரிச்சு பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுத்துவிட்டா.

‘ஏங்க்கா, வேல போனத எனக்கு ஒரு வார்த்த சொல்லியனுப்பக் கூடாதா?’

‘சொன்னா எழுதிருவீகளே.’

பாத்தீகளா, என்னைய எப்படிப் புரிஞ்சு வச்சிருக்கான்னு எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்கு வந்து ஒக்காந்து எழுதுனேன்.

மழைக் காலத்துல அளத்துல வேல கெடையாது. ஐப்பசியில ஒருநா எழுதி முடிச்சதக் கொண்டு போயி அக்கா வீட்டுலயே வாசிச்சேன். ரெண்டாவது நாடகம், ‘வரப்பு’. அவ மகளுக்குப் பேன் பாத்துக்கிட்டே கேட்டா. வேல போற எடத்துல உம்னு இருந்தா. கங்காணி வார எடத்துல சிரிச்சா. மேகம் வார எடத்துல கைய நிப்பாட்டிட்டுக் கேட்டா. எனக்குத் திருப்தி. இனிமே திருத்த ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்.

‘நல்லாருக்கு அண்ணாச்சி’ன்னா. ‘ஒரே ஒரு எடம். நடுவுல ஒருத்தரு வாராருல்லா, கதர்ச்சட்ட போட்டவரு. வேல போனவ வீட்டுக்கு மறுநாளே ஓடி வாராரு. பெறவு முதலாளி வீட்டுக்குப் போயி நியாயம் கேக்காரு, மேசையில குத்துதாரு. அது யாரு?’

‘அது… எழுத்தாளரு.’

‘எந்த எழுத்தாளரு?’

‘நான்தாங்க்கா.’

அவ என்னைய ஏற எறங்கப் பாத்தா. கோவம் இல்ல தம்பி. பலகைய அந்தப் புள்ள தப்பாப் பிடிச்சிருக்குன்னு சொன்னால்ல, அதே மாதிரிதான் சொன்னா.

‘நீங்க வரலயே அண்ணாச்சி.’

பஞ்சர்னா சொல்ல முடியும்? மகளும் தலைய நிமித்தி என்னையப் பாக்கா. பேனாவ எடுத்து அந்தப் பக்கத்த அடிச்சுட்டு, ‘அப்பம் அந்த எடத்துல யாரப் போடட்டும்?’னு கேட்டேன்.

‘யாரயும் போடாதீக. அவ வாசல்ல உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கட்டும். நான் அப்படித்தான் இருந்தேன்.’

அப்படியே வச்சுட்டேன். அதுக்குப் பெறவு முப்பது வருசமா செங்கல் சூளை, தீப்பெட்டி ஆபீசு, குப்ப பெறக்குத தெரு, எங்கன ஒரு சேதி கேட்டாலும் மறுநாளே பஸ் ஏறிருதேன். போயி ஒண்ணும் பெருசாச் செய்யுததில்ல. உக்காந்திருந்துட்டு வாரேன். எழுதுதது அதுக்குப் பெறவுதான்.

‘வரப்பு’ நாடகத்த இன்னைக்கும் போடுதாக. சென்னையில காலேசுல எல்லாம் போட்டாக. நடுவுல ஒரு பொம்பள மட்டும் வாசல்ல உக்காந்திருப்பா. வசனம் கெடையாது, பாட்டு கெடையாது, எதுக்க ரோடு காலியாக் கெடக்கும். முழுசா ரெண்டு நிமிசம். அதப் பத்தி பெரிய பெரிய ஆளுக கட்டுர எழுதியிருக்காக. மவுனத்தின் மொழின்னு ஒருத்தரு, நவீன உத்தின்னு இன்னொருத்தரு.

உத்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. அந்த ரெண்டு நிமிசத்துல வராம இருக்கது நான்தான்.